மருட்கையோ, பகட்டோ?

‘அவரவர் சுவை அவரவர்க்கு’ என்னும் தொடர் தமிழரிடையே வாதங்களை முடித்துவைக்கும் வாசகமாக வழங்கி வருகிறது. ஒருவர் உடுக்கும் சேலையின் நிறம், வீட்டு முன்றிலில் பதிக்கும் ஓட்டின் பூவேலை, விரும்பிக் காணும் திரைப்படம் ஆகியவற்றைப்பற்றிக் கருத்து வேறுபாடு எழுமாயின், சற்று நேரம் பேசிவிட்டு இத்தொடரைச் சொல்லி எழுந்துவிடுவர். தனியொருவர் வீட்டுக்குள் அமையும் விருப்பம் அவ்வளவில் நின்றுவிடும். அதனால் பிறர்க்கு இழப்பில்லை. ஆனால், ஊரார் பொருளைக் கொண்டு ஊரார்க்காக எழுப்பப்படும் ஒன்றைப்பற்றியும் இதே சொல்லைச் சொல்லி அகல்வது முறையாகுமா? சுவைக்குக் காரணம் கேட்கலாகாது என்பது உண்மையாயின், தமிழாசிரியர் வகுப்பில் நின்று ஒரு பாட்டை நன்று என்றும் மற்றொன்றைத் தாழ்ந்தது என்றும் கூறுவதற்கும் காரணம் இல்லாமற் போகும். தொல்காப்பியர் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்ததும் வீண்வேலையாகிவிடும்.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்ற பொருள் ஒன்று ஜொகூரிலேயே இருக்கிறது. ஜொகூர் பாருவில், தெப்ராவ் சாலைக்கு அருகே, அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் கோயில் உளது. கண்ணாடிக் கோயில் என்பதே மக்கள் அதற்கு இட்டு வழங்கும் பெயர். 1922இல் எளியதொரு குடிலாகத் தொடங்கிய அக்கோயில், பல்லாண்டுகள் அந்நிலையிலேயே இருந்து, பின்னர்ப் படிப்படியாக வளர்ந்தது. அதன் தலைமைக் குருக்கள் பாங்காக் நகரில் சென்றுகொண்டிருந்தபோது தொலைவில் வைரம்போல் மின்னிய ஒளியைக் கண்டு, அணுகிச் சென்று பார்க்க, அது கண்ணாடித் துண்டுகள் பதித்த ஒரு தாய்லாந்துக் கோயிலாக இருந்ததாம். தம் அம்மன் கோயிலையும் அவ்வாறே ஒளிரச் செய்யவேண்டும் என்னும் எண்ணம் அப்போது எழுந்தது என்பர். 2009இல் அவ்வேலை நிறைவுற்றது. 2010இல் சுற்றுலாப் பயணிகளுக்கும் கோயில் திறந்துவிடப்பட்டது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெள்ளை ஆகிய நிறங்களில் ஏறத்தாழ 3 இலட்சம் கண்ணாடித் துண்டுகள் சுவரிலும் தூணிலும் விதானத்திலும் பதிக்கப்பட்டுள்ளன. கோயிலின் உட்பரப்பில் பத்தில் ஒன்பது பங்கு கண்ணாடியே எனலாம்.

இக்கோயிலைக் கண்டு வருவோர் இரு திறத்தினராகப் பிரிகின்றனர். ஒரு திறத்தார், பெரும்பாலும் கற்றவர், ‘பகட்டு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவர். கருங்கல்லும் எண்ணெய் விளக்கும் மணக்கும் தஞ்சைப் பெரிய கோயில் எங்கே, இது எங்கே என்பர். மற்றொரு திறத்தார், ‘என்ன அழகு!’ என்று வியந்து, தம் கைப்பேசியில் படமெடுத்துத் திரும்புவர். முன்னவர் தம் வெறுப்புக்குக் காரணம் கூறுவதில்லை. பின்னவரோ தம் வியப்புக்குக் காரணம் தேடுவதில்லை. ஆகவே இருவரும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றனர் என்க.

பகட்டு என்று பழிப்போரின் கூற்றை முதலில் ஆராயலாம். அவர்தம் வாதத்தில் இரண்டு இழைகள் உள. ஒன்று, இது தமிழர் மரபன்று என்பது. பாங்காக்கில் கண்டதைக் கொணர்ந்து அம்மன் கோயிலில் ஒட்டலாமா என வினவுவர். இவ்வினா வலிவுடையது போலத் தோன்றும். வரலாற்றை நோக்கின் நில்லாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் எடுத்த மகேந்திரவர்மப் பல்லவன், செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இதனைச் செய்வித்தேன் என்று அங்கேயே கல்லில் பொறித்து வைத்தான். அதுவரை வழங்கிய பொருள்களைத் துறந்து புதுப்பொருளில் கோயில் எடுத்தமையே அவன் பெருமையாகக் கூறிக்கொண்டது. அவ்விடத்தில் அவன் தனக்குச் சூட்டிக்கொண்ட பெயரும் விசித்திரசித்தன் என்பதே. இன்று மரபு என்று போற்றப்படும் கருங்கல், அன்று ஓர் அரசனின் புதுச்சுவையாக இருந்தது. ஜொகூரில்தானும் என்ன? 1892இல் தொடங்கி 1900இல் நிறைவெய்திய சுல்தான் அபூபக்கர் பள்ளிவாசலின் கோபுரங்கள் ஆங்கிலேய நாட்டு மணிக்கூண்டுகளின் சாயலில் எழுந்தவை. அது ஜொகூருக்கு உரியதன்று என்று இந்நாளில் எவரும் கூறார். கடன் வாங்கியது என்பது குற்றமன்று; வாங்கியதைக் கொண்டு என்ன செய்தனர் என்பதே வினா.

மற்றோர் இழை நுண்ணியது. அணி குறைந்தது உயர்ந்தது, அணி மிகுந்தது தாழ்ந்தது என்னும் கருத்தே அது. இஃது எங்கிருந்து வந்தது? திருமகள் உருவில் பொன்னையும், திருவிழாவில் பூவையும் குவித்த தமிழர் மரபில் இதற்கு வேர் காண்பது எளிதன்று. அணியைக் குற்றத்தோடு ஒப்பிட்டு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேசியவர், வியன்னா நகரத்துக் கட்டடக்கலைஞர் அடால்ஃப் லூஸ். அவர் கருத்து ஐரோப்பாவில் ஒரு தலைமுறையையே ஆட்கொண்டது. பின்னர் உலகெங்கும் வெள்ளைச் சுவராகவும் வெறுங்கண்ணாடிச் சன்னலாகவும் பரவியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1908இல் லூஸ் அமைத்த மிகச் சிறிய மதுக்கூடம் ஒன்று வியன்னாவில் இன்றும் புகழோடு விளங்குகிறது. அதன் சுவரின் மேற்பகுதியில் அவர் பதித்தது எது என்றால், ஆடிகளே! இட்டளமான அறை அவ்வாடிகளால் விதானம் நீண்டு விரிந்ததுபோல் தோன்றும்.

சுவையின் பெயரால் மக்களை மேல், கீழ் எனப் பிரிக்கும் வழக்கத்தை பிரெஞ்சு அறிஞர் பியர் போர்தியு 1979இல் வெளியிட்ட பெருநூலில் விரிவாக ஆராய்ந்தார். ஒருவர் எதை அழகென்பார், எதை அருவருப்பார் என்பது அவர் பிறந்த வீட்டையும் கற்ற பள்ளியையும் பொறுத்து அமைகிறது என்று, பிரெஞ்சு மக்களிடையே வினாக்கள் விடுத்துத் திரட்டிய விடைகளைக் கொண்டு அவர் காட்டினார். ஜொகூர்த் தமிழரைப் பொறுத்தவரை இதற்கு நூல்கூட வேண்டுவதில்லை. தோட்டத்து லயத்தில் பிறந்து, பால்மரக் காட்டில் காலை இருளில் விளக்குக் கட்டி உழைத்தவர் பிள்ளைகள் ஸ்கூடாயிலும் மாசாயிலும் பாசீர் கூடாங்கிலும் குடியேறினர். தோட்டங்கள் வீட்டுமனைகளாயின. சுண்ணாம்பு பூசிய லயச் சுவரையன்றி வேறு சுவர் அறியாத ஒரு மூதாட்டிக்கு, ஒளிர்வது அழகு என்று தோன்றுவதில் வியப்பென்ன? வெறுமை அழகாகத் தோன்றுவது வெறுமையில் வாழ்ந்து அலுக்காதவர்க்குத்தான். ‘பகட்டு’ என்னும் சொல் பல வேளைகளில் கோயிலைச் சுட்டுவதில்லை. அக்கோயிலை விரும்புவோரின் பிறப்பையே சுட்டுகிறது. கற்றோர் அச்சொல்லை வாயில் எடுக்குமுன் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.

எனினும், ஏழையின் விருப்பம் என்பதனால் மட்டும் ஒன்று நல்ல கலையாகிவிடாது. அங்ஙனம் கூறுவது இரக்கமாகும், திறனாய்வு ஆகாது. கோயிலைக் கோயிலாகவே வைத்து அளந்து பார்க்கவேண்டும். அதற்குத் தக்க அளவுகோல் தமிழிலேயே உண்டு.

தொல்காப்பியர் கூறும் எண்வகை மெய்ப்பாட்டுள் மருட்கை என்பது ஒன்று. மருட்கையாவது வியப்பு, அறிவால் அளந்து அடக்கவொண்ணாத ஒன்றன்முன் உள்ளம் திகைத்து நிற்கும் நிலை. அந்நிலை நான்கு வாயில்களால் தோன்றும் என்று அவர் வகுக்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்பன அவை. முன் எங்கும் காணாததைக் கண்டு வியத்தல் புதுமை. அளவிற் பெரியதைக் கண்டு வியத்தல் பெருமை. மிக நுண்ணியதைக் கண்டு வியத்தல் சிறுமை. ஒன்று மற்றொன்றாய் மாறி விளங்கக் கண்டு வியத்தல் ஆக்கம். பெரியதைக் கண்டு வியப்பதை எந்நாட்டாரும் கூறியிருப்பர். சிறியதற்கும் அதே மதிப்பை அளித்து, இரண்டையும் ஒரே வரிசையில் நிறுத்தியது தொல்காப்பியரின் நுண்மாண் நுழைபுலம்.

இந்நான்கு வாயில்களிலும் கண்ணாடிக் கோயிலை நிறுத்திப் பார்க்கலாம். புதுமை அதற்கு உண்டு. இந்நாட்டில் அதுபோன்ற கோயில் முன்னர் இருந்ததில்லை. ஆனால் புதுமை விரைவிற் கெடும் பண்டம். முதன்முறை காண்போர்க்கு உள்ள திகைப்பு பத்தாம் முறை இராது. வெள்ளிக்கிழமைதோறும் வந்து வழிபடும் அன்பருக்கு அது சுவராகிவிடும். பெருமையோ இக்கோயிலுக்கு இல்லை. பத்துமலையின் முருகன் சிலையைப்போல் அண்ணாந்து பார்க்கவேண்டிய அளவு எதுவும் இங்கில்லை. எஞ்சியவை சிறுமையும் ஆக்கமும். இக்கோயிலின் உயிர் இவ்விரண்டிலேதான் இருக்கிறது.

ஒரு துண்டு விரல் நகத்தளவினதாகவும் இருக்கும். அதனை வெட்டி, அடுத்த துண்டோடு பொருந்துமாறு விளிம்பைச் சீராக்கி, சுண்ணத்தில் பதித்து, பூவிதழாகவும் கொடியாகவும் வளைக்கவேண்டும். இவ்வாறு 3 இலட்சம் முறை. சுவரருகே சென்று முகத்தை அண்மையிற் கொண்டுபோய்ப் பார்ப்பார்க்கு, இரு துண்டுகளுக்கு இடையே மயிரிழையளவு இடைவெளி விட்டுச் சென்ற கை தெரியும். தொலைவில் நின்று ‘பளபளப்பு’ என்று கூறித் திரும்புவார் இதனைக் காணார். இனி ஆக்கம். கண்ணாடி உடைந்தால் அது குப்பை; வீட்டில் உடைந்த ஆடியை வைத்திருத்தல் ஆகாது என்பது தமிழ்ப் பெண்டிரின் பழைய நம்பிக்கை. அவ்வுடைந்த பொருளே கோயிலின் மேனியாகி நிற்கிறது. பாரசீக நாட்டு ஆடிவேலைக்கும் இத்தகையதொரு பிறப்பைக் கூறுவர். ஐரோப்பாவிலிருந்து வந்த பெரிய ஆடிகள் வழியில் உடைந்து போகவே, அவற்றை எறிய மனமில்லாத கைவினைஞர் துண்டுகளைக்கொண்டு சுவரை அணிசெய்தனராம். மணல் உருகிக் கண்ணாடியாவது ஓர் ஆக்கம். கண்ணாடி நொறுங்கி ஒளியாவது மற்றோர் ஆக்கம்.

ஈண்டு, பழிப்போரும் புகழ்வோரும் ஒருங்கே மறந்த ஒன்றைக் கூறவேண்டும். கண்ணாடி அம்மனுக்குப் புதியதன்று. ஆடிப்பூரத்தன்று அம்மன் கோயில்களுக்குச் செல்வார் அனைவரும் அறிவர். மூலவரின் கழுத்து முதல் அடிவரை கண்ணாடி வளையல்களைக் கோத்து மாலைமாலையாகச் சாத்துவர். பச்சையும் சிவப்பும் ஊதாவுமாகக் கருவறை முழுதும் வளையல் மின்னும். வழிபாடு முடிந்ததும் அவ்வளையல்களே பெண்டிர்க்குப் பிரசாதமாக வழங்கப்படும். பொன் கொடுக்க இயலாத பெண் கண்ணாடியைக் கொடுத்தாள். தாயாகவிருக்கும் பெண்ணின் வளைகாப்பிலும் கண்ணாடியே கலகலத்தது. தோட்டத்தில் பால்வெட்டும் பெண்ணின் காதில் தோடு இல்லாதிருக்கலாம். கையில் தீபாவளிக்கு வாங்கிய வளையல் இருக்கும். ஆகவே ராஜகாளியம்மன் கோயிலின் சுவரில் மின்னுவது பாங்காக்கின் ஒளி என்று மட்டும் கூறிவிட முடியாது. அன்றாடக் கூலிக்காரி அம்மனுக்கு எடுத்துக்கொடுத்த அணி, அங்கே சுவரளவு விரிந்திருக்கிறது என்று கொள்ளுதலும் தகும். குருக்கள் அதனை எண்ணிச் செய்தாரா என்பது வேறு. வழிபட வருவோர் அங்கே அந்நியம் உணராமைக்கு இஃதொரு காரணமாதல் கூடும்.

இன்னும் பின்னோக்கிச் செல்லின், இவ்வுறவு கடலையும் கடக்கும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டை 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். அப்பழந்துறையில் சிறுசிறு கண்ணாடி மணிகள் செய்யும் தொழில் சிறந்திருந்தமை ஆராய்ச்சியாளரால் உறுதிப்பட்டுள்ளது. அவ்வகை மணிகள் தென்கிழக்காசியாவெங்கும் கிடைக்கின்றன. பேராக் மாநிலத்துக் கோல சிலின்சிங்கிலும் அவை கண்டெடுக்கப்பட்டன. இம்மண்ணில் கரும்புக்கும் இரப்பருக்கும் ஆளாகத் தமிழன் வந்திறங்குவதற்குப் பல நூறாண்டுகட்கு முன்னரே கண்ணாடி மணி இக்கடல் வழியே பரவியிருந்தது.

இலக்கியத்தில் கண்ணாடி எவ்வாறு நிற்கிறது? பளிங்கு தன்னை அடுத்ததைக் காட்டுவதுபோல் உள்ளத்தை முகம் காட்டும் என்றார் வள்ளுவர். மணிமேகலையில், உவவனத்துப் பளிக்கறைக்குள் மணிமேகலை புகுந்து நிற்க, வெளியே நின்ற உதயகுமரன் அவள் உருவைக் காண்கிறான். அவளை அணுக அவனால் இயலவில்லை. காட்டுவதும் மறைப்பதுமாகிய இருதன்மையைச் சாத்தனார் அவ்வறைக்கு அமைத்தார். வடலூரில் 1872இல் இராமலிங்க அடிகள் நிறுவிய சத்திய ஞான சபையிலோ, ஏழு திரைகள் விலக, கண்ணாடியின் ஊடே ஒரே சுடர் விளங்கும். கேரளத்துக் களவங்கோட்டில் 1927இல் நாராயண குரு, தெய்வத் திருவுருக்குப் பதிலாக ஓர் ஆடியையே நிலைநிறுத்தினார். வணங்குவோன் அங்குத் தன்னையே காண்பான்.

இவற்றோடு ஒப்பிடுங்கால் ஜொகூர்க் கோயிலின் தனித்தன்மை ஒன்று புலனாகும். களவங்கோட்டு ஆடி முழுமுகத்தைக் காட்டுவது. இங்குள்ள துண்டுகளுள் எதிலும் எவரும் தம் முகத்தை முழுமையாகக் காண இயலாது. ஒரு துண்டில் கண்ணிமை, ஒன்றில் சட்டையின் நிறம், ஒன்றில் அருகிலிருப்பவர் கையிலுள்ள தேங்காய்த் தட்டு. தன்னைப் பார்க்கச் சென்றவன் தான் சிதறிப் பலரோடு கலந்து கிடப்பதைக் காண்பான். தான் என்பது கரையும் நிலையைச் சைவ நூல்கள் எத்தனையோ உவமைகளால் விளக்கின. இவ்வுவமை அவற்றுள் இல்லை, இருந்திருப்பின் இழுக்கில்லை.

இனிக் குறைகள். அவை சிலவல்ல, சிறியனவும் அல்ல.

முதற்குறை ஒளியைப் பற்றியது. துண்டுக் கண்ணாடியின் பயன் சிற்றொளியைப் பெருக்குவது. அசையும் ஒரு சுடரின் முன்னே ஆயிரம் துண்டுகள் ஆயிரம் சுடர்களாக நடுங்கும். பாரசீக அரண்மனைகளும் இலாகூர்க் கோட்டைச் சீஷ் மகாலும் மின்விளக்கு அறியாத காலத்தில் எழுந்தவை என்பதை நினைக்க. ஜொகூர்க் கோயிலிலோ மின்சாரச் சரவிளக்குகள் தொங்குகின்றன. எல்லாப் பக்கமும் ஒளி நிறைந்திருக்கும்போது கண்ணாடி பெருக்குவதற்கு எஞ்சியது ஏது? கற்பூர ஆரத்தி காட்டும் வேளையிலும் அச்சுடர் கூட்டத்தில் ஒரு பொறியாய் ஒடுங்கிவிடுகிறது. தமிழகக் கோயிலின் கருவறை இருளை உடையது. அவ்விருள், சுடர் ஒன்று எழும்போது தெய்வ உரு திடுமெனத் தோன்றுதற்கென்று சிற்பிகள் ஒதுக்கி வைத்த இடம். கண்ணாடியை எடுத்துக்கொண்டவர் அவ்விருளையும் உடன்கொண்டிருப்பின், இக்கோயில் தென்கிழக்காசியாவிலேயே ஒப்பற்றதாகியிருக்கும்.

இரண்டாவது, வெண்பளிங்குச் சிலைகள். புத்தர், இயேசு, குரு நானக், அன்னை தெரேசா முதலியோர் உருவங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. எண்ணம் உயர்ந்தது, அதனைப் பழிப்பார் எவரும் இலர். ஆனால் நிறமும் அசைவுமாய் இருக்கும் சுவரின்முன் வெள்ளையாய் அசைவின்றி நிற்கும் அவ்வுருவங்கள் சுவரோடு பேசவில்லை. சுவரும் அவற்றோடு பேசவில்லை. வேறொரு மண்டபத்துக்கென்று செய்தவற்றை இடமின்மையால் இங்கு நிறுத்தியதுபோல் காண்கின்றன.

மூன்றாவது சற்று வேறுபட்டது. நாட்டின் முதற் கண்ணாடிக் கோயில் என்று மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இக்கோயில் இடம்பெற்றுள்ளது. தொல்காப்பியர் பெருமிதத்திற்குக் கூறும் வாயில்களுள் இசைமையும் கொடையும் உள. ஆகவே இப்புகழால் ஊரார் பெருமிதம் கொள்வது இயல்பே. ஆனால் பெருமிதமும் மருட்கையும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் அமர்வது அரிது. மருண்டு நிற்பவன் தன்னை மறந்தவன். பெருமிதம் கொண்டவன் தன்னை நினைந்தவன். எண்ணிக்கையை முன்னிறுத்தும்தோறும், காண்போர் துண்டைப் பாராமல் தொகையைப் பார்த்துத் திரும்புவர்.

இக்குறைகட்கு நடுவே ஆன்மலிங்கச் சந்நிதி தனித்து நிற்கிறது. அதன் சுவரில் கண்ணாடி இல்லை. நேபாளத்து உருத்திராக்க மணிகள் நெருங்கப் பதிக்கப்பட்டுள்ளன. ஒளியை வீசாது விழுங்கும் பழுப்புச் சுவர். அன்பர்கள் தாமே இலிங்கத்துக்குப் பன்னீர் ஊற்றி வழிபடலாம். பளபளப்பில் நனைந்து வந்த கண்ணுக்கு அங்கே ஓய்வு கிடைக்கிறது. சிறுமை என்னும் வாயில் ஒன்றினாலேயே வியப்பு விளையக்கூடும் என்பதற்கு, கண்ணாடி மண்டபத்தைவிட இச்சிற்றறையே சிறந்த சான்று எனின் மிகையன்று.

கற்றோர் சுவையும் மற்றோர் சுவையும் மோதுவது இது முதன்முறையன்று. இரவிவர்மா 1894இல் அச்சகம் நிறுவித் தம் தெய்வப் படங்களைப் பல்லாயிரமாக வெளியிட்டபோது, அவை எளியோர் வீட்டுப் பூசையறையில் ஏறின. ஈழத்துத் தமிழராகிய ஆனந்த குமாரசாமி அப்படங்களில் நாடகப் பாங்கும் கற்பனை வறுமையும் உள்ளன என்று கடிந்தார். பின்னர் கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்த முருகனும் இலக்குமியும் சிவகாசி நாட்காட்டிகளில் கப்பலேறி வந்து, தோட்டத்து லயங்களின் சுவரில் ஆணியில் தொங்கின. அவ்வாண்டு முடிந்த பின்னரும் நாட்காட்டியின் தாளைக் கிழித்தெறிந்து படத்தை மட்டும் சட்டமிட்டுக் காத்தவர் பலர். குமாரசாமி கூறியதில் உண்மை உண்டு. ஆயினும், அவரே தம் பிற்காலத்தில், பாஸ்டன் நகரக் காட்சிச்சாலையில் பணியாற்றிய நாள்களில், வேறொரு கருத்தை வலியுறுத்தினார்: கலைப்பொருள் கண்ணுக்கு இன்பம் தருவதற்காக மட்டும் பிறப்பதன்று, அது எப்பயன் கருதிச் செய்யப்பட்டதோ அப்பயனுக்குச் செவ்வையாகச் செய்யப்பட்டுள்ளதா என்பதே அதன் நன்மை தீமைக்கு அளவு. இவ்வளவையால் பார்ப்பின், லயத்துச் சுவரில் அந்தியில் ஏற்றிய ஒரு சிறு விளக்குக்குமுன் கொண்டைய ராஜுவின் முருகன் தன் வேலையைச் செவ்வனே செய்தான் என்றுதான் கூறவேண்டும்.

திரைப்படத்திற்கும் இவ்வளவை பொருந்தும். 1960இல் வெளிவந்த ‘முகலே ஆஸம்’ என்னும் இந்திப் படத்தில் ஆடிமண்டபம் ஒன்று வரும். அரசவையில் ஆடும் அனார்கலியின் உருவம் விதானத்து ஆடிகளில் எண்ணிறந்தனவாகத் தோன்றும். அக்பர் எங்கு நோக்கினும் தன்னை எதிர்த்த ஒரு பெண்ணையே காண்பான். அங்கு ஆடி அணியன்று. கதையே ஆடியில்தான் நிகழ்கிறது. அதன்பின் தமிழ்ப்படங்களில் வந்த ஒளிமண்டபங்கள் பலவற்றில், பாட்டு முடிந்ததும் மண்டபம் கதையை விட்டு நீங்கிவிடும். இது ஒளியின் குற்றமன்று. வேலையின்றி நிறுத்தப்பட்டதன் குற்றம்.

இதற்கு நேரெதிரே மலேசியத் தமிழ்ப்படங்கள் இரண்டைக் காட்டலாம். 2005இல் தீபக் குமாரன் மேனன் எடுத்த ‘செம்மண் சாலை’ 1960களின் இரப்பர்த் தோட்டத்துக் குடும்பத்தைப் பற்றியது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் எடுத்த ‘ஜகாட்’, தோட்டத்தை விட்டுப் புறம்போக்குக் குடியிருப்பில் ஒதுங்கிய மக்களிடையே வளரும் சிறுவனைப் பற்றியது. தீயவன் என்னும் பொருளுடைய மலாய்ச் சொல் தமிழர் வாயில் திரிந்த வடிவமே அதன் பெயர். 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படத்திற்கான விருதை அது பெற்றது. இவற்றில் மினுமினுப்பு இல்லை. செம்மண்ணும் தகரமும் பலகையும்தான். கண்ணாடிக் கோயிலை வியப்பவர் இப்படங்களை ‘அழுக்கு’ என்று ஒதுக்குவதும், இப்படங்களைப் புகழ்பவர் அக்கோயிலைப் ‘பகட்டு’ என்று ஒதுக்குவதும் உண்டு. பலகை வீட்டில் வளர்ந்த சிறுவன் ஒருவனும், சுவரெல்லாம் ஒளியாக்க விழைந்த ஊராரும் ஒரே லயத்திலிருந்து புறப்பட்டவர் என்பதை இருவரும் காணாது போகின்றனர்.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. தோட்டங்கள் கைமாறும்போது அங்கிருந்த கோயில்கள் பல இடம் பெயர நேர்கிறது. புதிய குடியிருப்புகளில் புதியன எழுகின்றன. ஒவ்வொரு திருப்பணிக் குழுவும் மேசையைச் சுற்றி அமர்ந்து, கல்லா, சுதையா, பளிங்கு ஓடா, கண்ணாடியா என்று முடிவுசெய்தாக வேண்டும். அங்கே ‘அவரவர் சுவை’ என்று கூறி எழுந்துவிட முடியாது; ஒன்றைத் தேர்ந்தால் மற்றது இல்லை; தேர்ந்தது மூன்று தலைமுறைக்கு நிற்கும். ஜொகூர் பாருவைக் கண்டு வந்து அதுபோலவே கண்ணாடி பதிக்க விழைவோர் இருப்பின், அவர் கொண்டுசெல்வது எதனை என்று கேட்டுப் பார்க்கலாம். புதுமை அங்கேயே செலவாகிவிட்டது. அதனைக் கொண்டுசெல்ல இயலாது. கொண்டுசெல்லத் தக்கது, நகத்தளவு துண்டை மயிரிழை பிசகாமல் பதித்த கையின் பொறுமை. அதனைக் கண்ணாடியில்தான் காட்டவேண்டும் என்பதில்லை. தோட்டத்து முனீஸ்வரர் மரத்தடியில் கிடந்த கற்களையே அடுக்கி ஒரு மேடை கட்டினாலும் அக்கை அங்கே தெரியும்.

ராஜகாளியம்மன் கோயிலைப் பொறுத்தவரை, இடித்துக் கட்டவேண்டிய குறை எதுவும் இல்லை. ஆடிப்பூரத்தன்று, அம்மன் வளையலணிந்து நிற்கும் மாலையில், ஆரத்தி காட்டும் அச்சில நொடிகளுக்கு மட்டும் மின்விளக்குகளை அணைத்தால் போதும்.